பார்வைத் தூரம் போதுமான அளவு இருந்தும் விமானம் ஏன் சுழன்று விழுகிறது? (விஎஃப்ஆர், மூட்டம், மேகம்)

செஸ்னா_மாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) தரைப்பாடத்தில் வானிலை, விபத்து அறிக்கைகள் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது மூன்று சந்தேகங்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்க.

1. ஜான் எஃப். கென்னடி ஜூனியர் (அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன்) விபத்து (1999 ஜூலை 16). நியூஜெர்சி கால்டுவெல்லிலிருந்து மார்த்தாஸ் வினியார்டு தீவுக்கு ராத்திரியில் அவரே ஓட்டிப்போன பைப்பர் சரட்டோகா சிறு விமானம். எஞ்சினில் கோளாறு கிடையாது. ஆட்டோபைலட் இருந்தது. மேகத்துக்குள் போனதாகவும் அறிக்கை சொல்லவில்லை, வெறும் மூட்டம்தான். விஎஃப்ஆர் (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் முறை) சட்டப்படி பறக்கலாம் என்கிற வானிலை. அப்புறம் எப்படி விழுந்தது?

2. ஐஆர் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) இல்லாத ஒருத்தர் செஸ்னா 172-ஐ மேகத்துக்குள் விட்டுவிட்டால் "180 டிகிரி திரும்பி வெளியே வா" என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எத்தனை டிகிரி சாய்வு? பவரைக் குறைக்கணுமா? முதல் ஒரு நிமிடம் வரிசையாக என்ன செய்யணும்?

3. நம்ம ஊர் 30 டிகிரி வெயிலில் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்பது உண்மையா, இல்லை குளிர்நாட்டுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்களா?

தொடுவானம்:

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

தம்பி, பார்வைத் தூரம் வேறு, தொடுவானம் வேறு. மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கை) வரும் பார்வைத் தூர எண், தரையில் நிற்கும் ஒரு கருவியோ ஆளோ கிடைமட்டமாகப் பார்த்துச் சொல்வது. விமானத்தை மட்டமாக வைத்திருக்க உனக்கு அந்த எண் உதவாது. வானமும் தரையும் பிரிகிற கோடு வேண்டும். நிலா இல்லாத இரவு, கீழே கடல், நடுவில் மூட்டம் என்றால் அந்தக் கோடு கிடையாது. எட்டு மைலுக்கு அப்பால் ஒரு படகின் விளக்கு தெரியலாம். ஆனால் அது படகா நட்சத்திரமா, உனக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று சொல்ல எதுவும் இல்லை. கரையை விட்டு கடலுக்கு மேல் நேராகப் போகிற கடைசிக் கட்டத்தில்தான் அந்த விமானம் தடுமாறியது. கரையோர விளக்குகள் பக்கத்தில் இருந்தவரை சிக்கல் தெரியவில்லை.

இப்போது காது. உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. தலை திரும்பினால் குழாய் திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும், அந்த வித்தியாசத்தை மூளை "திரும்புகிறோம்" என்று படிக்கும். இதில் இரண்டு ஓட்டை. சுமார் 2 டிகிரி/விநாடிக்குக் குறைவாக மெல்லச் சாய்ந்தால் அது பதிவாகவே ஆகாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் 10–20 விநாடியில் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். உடம்பு நேராகப் போவதாகச் சொல்லும். அந்த நிலையில் இறக்கையைச் சரியாக மட்டமாக்கினால், எதிர்ப்பக்கம் கவிழ்கிற மாதிரி தோன்றும். உடனே கை தானாகப் பழைய சாய்வுக்கே திரும்பும்.

சாய்ந்த விமானத்தில் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுகிறது, மூக்கு இறங்குகிறது, வேகம் ஏறுகிறது. விமானி உயரம் குறைவதைப் பார்த்து யோக்கை (ஓட்டும் கைப்பிடி) இழுக்கிறார். சாய்ந்த நிலையில் இழுத்தால் விமானம் ஏறாது, திருப்பம்தான் இறுகும். இன்னும் இறங்கும். இன்னும் இழுப்பார். சாவுச் சுழல் என்று சொல்வது இதைத்தான்.

என்டிஎஸ்பி (அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு) ரேடார் தடத்தை இதோடு பொருத்திப் பார்: 2,200 அடியில் இறக்கம் நிற்கிறது, 2,600-க்கு ஏறுகிறது, இடப்பக்கத் திருப்பம், அந்தத் திருப்பத்திலேயே மறுபடி இறக்கம், இறங்கிக்கொண்டே வலப்பக்கத் திருப்பம். அதில் சாய்வு, வேகம், இறக்கம் மூன்றும் ஏறிக்கொண்டே போகின்றன. கடைசியில் இறக்க வேகம் நிமிடத்துக்கு 4,700 அடியைத் தாண்டியது. ரேடாரில் கடைசியாகப் பதிவான உயரம் 1,100 அடி. அந்த வேகத்தில் 1,100 அடி என்பது 14 விநாடி.

அவருக்கு மொத்தம் சுமார் 310 மணி நேர அனுபவம், ஐஆர் கிடையாது. ஐஆர் பயிற்சியின் 25 பாடங்களில் 12 முடித்திருந்தார். அரைகுறையாகத் தெரிந்ததால்தான் போனார் என்று நான் சொல்ல மாட்டேன், அது அறிக்கையில் இல்லை. அறிக்கை சொல்வது இவ்வளவுதான்: இரவில் கடல்மேல் இறங்கும்போது திசைமயக்கத்தால் கட்டுப்பாடு இழப்பு, துணைக்காரணங்கள் மூட்டமும் இருட்டும்.

இன்னொன்று. "178 விநாடி" என்று ஒரு எண் எல்லா இடத்திலும் சுற்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஐஆர் இல்லாத 20 பேரை பொனான்சா விமானத்தில் கருவி மட்டும் பார்த்து ஓட்டவைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாடு இழந்தார்கள், 19 பேர் சுழலில். சராசரி 178 விநாடி. இதை "மூணு நிமிஷம் இருக்கு" என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் மிகக் குறைந்த நேரம் 20 விநாடி.

ஆறு_கருவி:

இரண்டாவது கேள்வி.

180 திருப்பம் இரண்டாவது வேலை. முதல் வேலை, திரும்பாமல் ஒரு மூச்சு நேரம் இறக்கையை மட்டமாக வைத்திருப்பது. மேகத்துக்குள் நுழைந்த அந்த நொடியில் விமானம் பெரும்பாலும் டிரிம் ஆகித்தான் (கையை விட்டாலும் அதே நிலையில் போகும்படி) பறந்துகொண்டிருக்கும். அதைக் கெடுப்பது விமானியின் பதற்றம்தான். யோக்கை முஷ்டியால் இறுக்காமல் கட்டைவிரல், இரண்டு விரலால் பிடி. டிரிம்மைத் தொடாதே. பவரைத் தொடாதே. பவர் மாறினால் மூக்கு மாறும், இடவல இழுப்பும் மாறும், நாலு கவலை கூடும்.

ஆட்டிட்யூட் இண்டிகேட்டரில் (செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவி) குட்டி விமானம் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறதா பார். டர்ன் கோஆர்டினேட்டரும் (திரும்பும் வீதம் காட்டும் கருவி) அதையே சொல்கிறதா பார். இரண்டும் ஒத்துப்போனால் ஹெட்டிங்கை (மூக்கு நோக்கும் திசை) படி. எதிர்த்திசையைக் கணக்குப் போட எளிய வழி: 200 கூட்டி 20 கழி, அல்லது 200 கழித்து 20 கூட்டு. 070-இல் போகிறாய் என்றால் 270, 250. டிஜியின் (ஜைரோ திசைகாட்டி) அடிமுனையில் இருக்கும் எண்ணும் அதேதான், கணக்கு வராவிட்டால் அதைப் படி.

பிறகு நிலையான வீதத் திருப்பம், விநாடிக்கு 3 டிகிரி. சாய்வுக்கு வேகத்தைப் பத்தால் வகுத்து 5 கூட்டு: 100 நாட்டில் (மணிக்கு 100 கடல் மைல்) 15 டிகிரி. ஒரு நிமிடத்தில் 180 முடியும், கடிகாரத்திலும் பார்த்துக்கொள். டர்ன் கோஆர்டினேட்டரில் இருக்கும் குண்டு நடுவில் இருக்கட்டும். சாய்வு 20-ஐத் தாண்டவிடாதே. எதிர்த்திசை ஹெட்டிங்குக்கு 7–8 டிகிரி முன்பே மெல்ல நிமிர்த்த ஆரம்பி. உயரம் 100 அடி இப்படி அப்படி ஆனால் விரட்டாதே. விஎஸ்ஐ (ஏற்ற இறக்க வேகம் காட்டும் கருவி) பின்தங்கித்தான் சொல்லும், அதைத் துரத்தினால் ஊஞ்சல் ஆடுவாய்.

இந்த ஒரு நிமிடம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கூடாது. கிழிந்த மேகத்தின் நடுவில் ஒரு பச்சைத் துண்டு தெரிந்ததும் அதைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் மறுபடி கருவிக்கு வரும்போது 40 டிகிரி சாய்ந்திருப்பார்கள். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனியாதே. திருப்பத்தில் இருக்கும்போது தலையை வேறு தளத்தில் அசைத்தால் விமானமே உருளுகிற மாதிரி ஒரு மயக்கம் வரும், இருப்பதிலேயே மோசமானது அதுதான்.

ரேடியோ கடைசியில். ஆனால் கண்டிப்பாக. "விஎஃப்ஆர் விமானி, மேகத்துக்குள் இருக்கிறேன், ஐஆர் இல்லை" என்று பூசி மெழுகாமல் சொல். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே சொல், யாரும் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5, டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) அவசரக் குறியீடு 7700. லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து சொல்லாமல் விடுகிறார்கள். விவரம் தெரிந்தால்தான் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) உனக்கு அலைவரிசை மாற்றச் சொல்லாமல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளையாகக் கொடுப்பார்கள்.

மலைப்பகுதியில் இந்தக் கணக்கு மாறும். 100 நாட்டில் நிலையான வீதத் திருப்பத்தின் அகலம் சுமார் 2 கிலோமீட்டர். பள்ளத்தாக்கு அதைவிடக் குறுகலாக இருந்தால் திரும்புவதே மலையில் மோதும் வழி. அங்கே முதலில் முழு பவர், இறக்கை மட்டம், 74 நாட்டில் நேரே ஏறு (172எஸ்-க்கு), வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குப் போட்டிருக்கும் உச்ச உயரத்தைத் தாண்டும்வரை. பவர் மாறும், வலதுகால் ரட்டர் (வால் சுக்கான்) வேண்டும், அது தனிக் கஷ்டம். இதனால்தான் மலையில் "மேகத்துக்கு அடியில் கொஞ்சம் நுழைந்து பார்ப்போம்" என்பதற்கு மீளும் வழி இல்லை என்கிறோம். 2021 டிசம்பர் 8 குன்னூர் எம்ஐ-17 விபத்தில் விமானப்படை சொன்ன காரணமும் இதே சங்கிலிதான்: பள்ளத்தாக்கில் எதிர்பாராத வானிலை மாற்றம், மேகத்துக்குள் நுழைவு, திசைமயக்கம், மலையில் மோதல். அது பெரிய ராணுவ ஹெலிகாப்டர், சிறு விமானம் இல்லை. ஆனால் காதுக்குள் இருக்கும் திரவத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சுழல் ஆரம்பித்துவிட்டால்: வேகம் ஏறுகிறது, உயரம் கரைகிறது, சாய்வு அதிகம். த்ராட்டிலை முழுக்க மூடு. அடுத்து இறக்கையை மட்டமாக்கு. அதற்கு *அப்புறம்தான்* இழு, மெதுவாக. 172எஸ்-இன் உச்ச வேக வரம்பு 163 நாட், சுழலில் அதைத் தொட அதிக நேரம் ஆகாது. அந்த வேகத்தில் சாய்ந்த நிலையிலேயே வெடுக்கென்று இழுத்தால் இறக்கையோ வாலோ கழன்று வரும்.

ஸ்பேனர்_சாமி:

மூணாவது கேள்வி நம்ம ஏரியா.

பிடிக்கும். வெயிலில் தாராளமாகப் பிடிக்கும். வெஞ்சூரிக் குறுக்கத்தில் காற்றழுத்தம் குறையுது, பெட்ரோல் ஆவியாகுது, ரெண்டும் சேர்ந்து அங்கே வெப்பநிலையை 30 டிகிரிக்கு மேல்கூட இறக்கிடும். வெளியே 25 டிகிரி, காற்று ஈரமாக இருந்தால் த்ராட்டில் தட்டில் ஐஸ் கட்டும். மோசமான பகுதி மைனஸ் 7-லிருந்து 21 டிகிரி வரை, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். பவர் குறைத்து இறங்கும்போது இன்னும் அபாயம், ஏன்னா த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும், கொஞ்சம் ஐஸே போதும் அடைக்க. மழைக்கு முன்னாடி புழுக்கமாக இருக்குமே, அந்த நேரம்தான் இதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அறிகுறி: பிக்ஸட் பிட்ச் (அலகின் கோணம் மாறாத) புரொப்பெல்லர் என்றால் நீங்க தொடாமலேயே ஆர்பிஎம் மெல்ல இறங்கும். கான்ஸ்டன்ட் ஸ்பீடு (கோணம் தானாக மாறுறது) என்றால் ஆர்பிஎம் அசையாது, மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தம்) இறங்கும். பல பேர் கவனிக்காமல் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளிக்கிட்டே போவாங்க, சிக்கல் மறைஞ்சுடும்.

செய்ய வேண்டியது: கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடுற கைப்பிடி) முழுக்க இழு. பாதி இழுக்கிறது வேண்டாம். இழுத்ததும் ஆர்பிஎம் *இன்னும்* இறங்கும், எஞ்சின் குலுங்கும், இருமும். உருகின தண்ணீர் சிலிண்டருக்குள் போகுது. இங்கேதான் தப்பு நடக்குது: "ஐயோ மோசமாகுதே" என்று கைப்பிடியைத் திரும்ப உள்ளே தள்ளிடுவாங்க. தள்ளாதீங்க. அரை நிமிஷத்திலிருந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் பொறுத்தால் ஆர்பிஎம் ஏறும். அதுதான் ஐஸ் இருந்ததுக்கு சாட்சி.

ஆனால் உங்க 172 எது என்று பாருங்க. ஆர், எஸ் மாடல்களில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்ப் ஹீட் கைப்பிடியே இருக்காது. பழைய எம், என், பி மாடலும் 152-ம் கார்புரேட்டர்.

கூடவே, மழை நாளில் பறக்கிறவங்க பார்க்காமல் விடுற சமாச்சாரங்கள்:

டேங்க் மூடி ரப்பர் வளையம் காய்ந்து வெடிச்சிருந்தால் ராத்திரி மழை நேராக டேங்குக்குள். 172எஸ்-இல் மொத்தம் 13 வடிகால் புள்ளி, இறக்கைக்கு அஞ்சு, மூக்குக்கு அடியில் மூணு. பதிமூணிலும் எடுங்க. கோப்பை முழுக்கத் தண்ணீராக இருந்தால் நடுவில் பிரியுற கோடே தெரியாது, "சுத்தமாக இருக்கு" என்று நினைச்சுடுவீங்க. 100எல்எல் விமானப் பெட்ரோல் நீல நிறம், வெள்ளைக் காகிதத்துக்கு முன்னாடி பிடிச்சுப் பாருங்க. மோந்தும் பாருங்க.

பிட்டாட் ஹீட் (வேகமானிக்குக் காற்று எடுக்கிற குழாயின் சூடேற்றி) போட்டு விரலால் தொட்டுப் பார்க்கணும் (ரெண்டு மூணு நொடிதான், சுட்டுடும்). பிட்டாட் துளையும் வடிகால் துளையும் ரெண்டுமே அடைஞ்சால் வேகமானி உயரமானி மாதிரி வேலை செய்யும். ஏற ஏற வேகம் கூடுறதாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் ஸ்டால், இறக்கை தூக்குவிசையை இழந்துடும்.

வாக்யூம் பம்ப். ஆறு_கருவி சொன்ன எல்லாத்துக்கும் அடிப்படை ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் உண்மை சொல்லுது என்கிறது. பழைய பேனலில் அது வாக்யூமில் ஓடுது, பம்ப் காற்றை உறிஞ்சித்தான் உள்ளே ஜைரோ சுத்துது. பம்ப் செத்தால் ஜைரோ சட்டென்று நிற்காது, மெல்ல மெல்லச் சாயும். நீங்களும் அதோடு சேர்ந்து சாய்வீங்க. சக்ஷன் காஜ் 4.5-லிருந்து 5.5-க்குள் இருக்கணும். டர்ன் கோஆர்டினேட்டர் கரண்டில் ஓடுறதாலதான் ரெண்டையும் ஒப்பிடச் சொல்றாங்க.

செஸ்னா_மாணவன்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. 14 விநாடிக் கணக்கைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு துணைக்கேள்வி. (அ) இப்போது டேப்லட்டில் மழை ரேடார் நேரலையாக வருகிறதே, அதைப் பார்த்து இரண்டு சிவப்புப் பொட்டுக்கு நடுவில் புகுந்து போகலாமா? (ஆ) ஆட்டோபைலட் இருந்தால் மேகத்துக்குள் போனதும் பட்டனை அழுத்திவிட்டால் முடிந்ததுதானே?

காற்றுமானி:

(அ) நேரலை இல்லை. அமெரிக்காவில் காக்பிட்டுக்கு வருவது பல ரேடார்களின் படங்களை ஒட்டிச் செய்த ஒரு படம். திரையின் ஓரத்தில் "2 நிமிடம் முன்" என்று போட்டிருக்கும். அது ஒட்டுப்படம் தயாரான நேரம். அதிலிருக்கும் மழை அதற்கும் முந்தையது. உண்மை நிலவரம் திரையில் காட்டும் வயதைவிட 15–20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று என்டிஎஸ்பி 2012-இல் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. இடிமேகம் 30 நாட்டில் நகர்ந்தால் 20 நிமிடத்தில் 10 கடல் மைல். நீ பார்க்கிற அந்த இடைவெளியில் இப்போது மேகம் நிற்கும். ரேடார் படம் சுற்றிப் போக வழி தேட, அல்லது கிளம்பாமல் இருக்க. பலத்த இடிமேகத்துக்கு 20 கடல் மைல் விலகல் என்பது குறைந்தபட்சம். இரண்டு மேகங்களுக்கு நடுவில் போகணும் என்றால் 40 மைல் இடைவெளி வேண்டும். அந்த அளவு இடைவெளி இருந்தால் அதைப் "புகுந்து போவது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காற்றுக் கலக்கத்தில் மாட்டினால் மனுவரிங் வேகத்துக்கு (விமானம் உடையாமல் காக்கும் வேக வரம்பு) கீழே வரணும். இதில் எடை கணக்கு தலைகீழ்: 172எஸ்-இல் 2,550 பவுண்டுக்கு 105 நாட், 1,900 பவுண்டுக்கு 90 நாட். தனியாக, பாதி பெட்ரோலோடு பறக்கிறவர் 105 என்று மனப்பாடமாக வைத்திருந்தால் தப்பு.

ரேடாரில் மழைதான் தெரியும், தாழ்மேகமும் மூடுபனியும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள். அதற்கு மெட்டாரில் வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் கழித்துப் பார். வித்தியாசம் ஒரு டிகிரிக்கு சுமார் 400 அடி மேக அடித்தளம். 27/24 என்றால் 3 டிகிரி, 1,200 அடி. இந்தியாவில் கட்டுப்பாட்டு மண்டலத்தில் விஎஃப்ஆருக்கு மேக அடித்தளம் 1,500 அடி, பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் இருக்கணும். அந்த 400 அடிக் கணக்கு பகலில் வெயில் சூடேற்றி எழும்பும் திரள்மேகத்துக்குத்தான் சரியாக வரும், மற்ற மேகத்துக்கு உத்தேசம். ஒரு மெட்டாரை மட்டும் பார்க்காமல் கடைசி மூன்றையும் வரிசையாக வை. 27/22, 26/23, 25/23 என்று நெருங்கிக்கொண்டே வந்தால், "பார்வைத் தூரம் 6 கிலோமீட்டர்" என்று இப்போது போட்டிருப்பதற்கு மதிப்பு கிடையாது. சூரியன் இறங்கினால் இன்னும் நெருங்கும்.

ஆறு_கருவி:

(ஆ) பாதி சரி. மட்டமாகப் பறந்துகொண்டிருக்கும்போதே ஆட்டோபைலட்டைப் போட்டு, ஹெட்டிங் மோடு, ஆல்டிட்யூட் ஹோல்டு வைத்து, ஹெட்டிங் பக்கை (போக வேண்டிய திசையைக் குறிக்கும் முள்) சுற்றி 180 திரும்பினால் அதைவிட நல்ல வழி ஐஆர் இல்லாதவருக்கு இல்லை. ஒரே நேரத்தில் பக்கை 180 டிகிரி சுற்றிவிடாதே, எந்தப் பக்கம் திரும்பும் என்று குழப்பம் வரும். 90, பிறகு இன்னொரு 90.

ஆனால் ஏற்கெனவே சாய்ந்து சுழல ஆரம்பித்த பிறகு போட்டால் பல பழைய ஆட்டோபைலட்கள் அதிலிருந்து மீட்காது, அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. கார்மின் ஜிஎஃப்சி 500 மாதிரி புதியவற்றில் நீல நிற "லெவல்" பட்டன் தனியாக இருக்கிறது, அது வேறு. வாக்யூம் ஜைரோவிலிருந்து தகவல் எடுக்கும் ஆட்டோபைலட் என்றால் பம்ப் செத்ததும் உன்னோடு சேர்ந்து அதுவும் ஏமாறும். கேஏபி 140 என்ற ஆட்டோபைலட் டர்ன் கோஆர்டினேட்டரிலிருந்து எடுப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று, அதை முதல் தடவை மேகத்துக்குள் போட்டுப் பழகக் கூடாது. எந்த மோடு எந்த வரிசையில் என்று தெரியாமல் பட்டன்களைக் குனிந்து தேடுவது, முன்பு சொன்ன பேனா எடுக்கக் குனிவதேதான்.

ஸ்பேனர்_சாமி:

சேர்த்துக்கிறேன்: ஆட்டோபைலட்டைப் பிடுங்க மூணு வழி இருக்கும். யோக்கில் பட்டன், பேனலில் சுவிட்ச், சர்க்யூட் பிரேக்கர். எலெக்ட்ரிக் டிரிம் தன்னிச்சையாக ஓட ஆரம்பிச்சால் அந்த பிரேக்கர் எது என்று இருட்டில் தேடக் கூடாது. சின்ன வண்ண வளையம் ஒண்ணு மாட்டி வைங்க, ரெண்டு ரூபாய் சமாச்சாரம்.

தொடுவானம்:

தம்பி, ஒரு யோசனை. பிபிஎல்-இல் கருவிப் பயிற்சி கொஞ்சம்தான் வரும், அமெரிக்கப் பாடத்திட்டத்தில் மூன்று மணி நேரம். தேர்வில் எதிர்பார்ப்பது உயரம் 200 அடிக்குள், ஹெட்டிங் 20 டிகிரிக்குள், வேகம் 10 நாட்டுக்குள். வெளியே தெரியாமல் மறைக்கும் பயிற்சித் தொப்பி மாட்டி அந்த வரம்புக்குள் 180 திரும்புவது எல்லாருக்கும் வரும். ஏனென்றால் தொப்பி போடப்போவது முன்கூட்டியே தெரியும், மனசு தயாராக இருக்கும்.

பயிற்றுநரிடம் கேட்டுப் பார்: கண்ணை மூடச் சொல்லி அவர் ஓட்டட்டும், மெல்லத் திருப்பி, மட்டமாக்கி, மறுபடி சாய்த்து. விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று நீ வாயால் சொல்லிக்கொண்டே வா. பிறகு கண்ணைத் திற. அடுத்த தடவை அதையே ஆட்டிட்யூட் இண்டிகேட்டரை ரப்பர் மூடியால் மூடிவிட்டுச் செய், கையில் டர்ன் கோஆர்டினேட்டரும் காந்தத் திசைகாட்டியும் மட்டும். திசைகாட்டி திருப்பத்தில் முந்தும், பிந்தும், அதனால் அதை விட்டுவிட்டு கடிகாரத்தில் 60 விநாடி எண்ணு. வெயில் அடிக்கும் நாளில், 3,000 அடிக்கு மேல்.